லீப் நாளில் பிறந்த குழந்தையும் மூன்று வாரம் ஊமையாகிப்போன என் நிரலும்

அரைத்தூக்கம் | 25 ஜனவரி 2025

அனைவருக்கும் வணக்கம். கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டைவிட்டு விடுதியில் இருக்கிறேன். காலை வகுப்பு, பிற்பகல் ஆய்வகம், மாலையில் ஒப்படைப்பு வேலைகள் என்று பகல் கழிந்துவிடும். இரவு பத்து மணிக்கு மேல் அறைத் தோழன் உறங்கியதும் மடிக்கணினியின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு எனக்கே எனக்காக எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். மதிப்பெண் கிடையாது, கெடு கிடையாது. அந்த இரண்டு மணி நேரம்தான் நாளிலேயே எனக்குப் பிடித்த நேரம்.

முதலாண்டில் அப்படி எழுதியதுதான் இந்தச் சிறு பைத்தான் நிரல். குடும்பத்தில் யாருக்கு எப்போது பிறந்தநாள், திருமண நாள், மருத்துவரைப் பார்க்கும் நாள் என்பதையெல்லாம் ஓர் உரைக்கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன். நிரல் தினமும் காலை ஆறு மணிக்கு அதைப் படித்து, அன்றைக்கோ மூன்று நாள் கழித்தோ ஏதேனும் இருந்தால் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பும். ஓராண்டுக்கு மேல் பிசகில்லாமல் ஓடியது. சித்தப்பாவின் திருமண நாளைக்கூட நான்தான் முதலில் வாழ்த்துகிறேன் என்று வீட்டில் எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயர் உண்மையில் யாருடையது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

2024 பிப்ரவரி 29 அன்று அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அன்று இரவே கோப்பின் கடைசி வரியாக அவனைச் சேர்த்தேன். டிசம்பரில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்: ஜனவரி 21. அதையும் சேர்த்துவிட்டு நிம்மதியாக மறந்துவிட்டேன். ‘நிம்மதியாக’ என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

18ஆம் தேதியும் மின்னஞ்சல் வரவில்லை, 21ஆம் தேதியும் வரவில்லை. 21 அன்று எனக்குச் செய்முறைத் தேர்வு. முடித்துவிட்டு வந்து படுத்துவிட்டேன். மறுநாள் மாலை அக்கா அழைத்து, “நேற்று அம்மாவிடம் நீ பேசவே இல்லையாமே” என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அம்மாவை உடனே அழைத்தேன். “உனக்குத் தேர்வு இருந்திருக்கும் என்று நினைத்தேன்” என்றார்.

அன்று இரவு நிரலைக் கையால் இயக்கிப் பார்த்தபோது சட்டென்று நின்றது. ஒவ்வொருவரின் பிறந்த தேதியையும் எடுத்து ஆண்டை மட்டும் நடப்பு ஆண்டாக மாற்றுவதுதான் நான் செய்திருந்த வேலை. 2024இல் மருமகனால் சிக்கல் எழவில்லை. 2025 பிறந்ததும் நிரல் 2025 பிப்ரவரி 29 என்ற இல்லாத நாளை உருவாக்க முயன்றிருக்கிறது. பைத்தான் அப்படியொரு நாள் அந்த மாதத்தில் இல்லை என்று மறுத்து நின்றுவிட்டது. எல்லா வரிகளையும் படித்து முடித்த பிறகே மின்னஞ்சல் அனுப்பும்படி எழுதியிருந்ததால், ஒரே வரியில் இருந்த ஒருவயதுகூட நிரம்பாத குழந்தை குடும்பம் முழுவதையும் ஊமையாக்கிவிட்டான். ஜனவரி 1 முதலே என் நிரல் உயிரோடு இல்லை. எனக்கு மின்னஞ்சல் வராததால், வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை என்று இருந்துவிட்டேன்.

என் கேள்வி இரண்டு. இதைச் சரியாக எழுதுவது எப்படி? இப்படி ஒன்றை நம்பி இருந்ததே தவறா?

---

முரண்தொடை | 25 ஜனவரி 2025

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கைப்பேசியில் இருக்கும் நாட்காட்டிச் செயலி இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது. பிப்ரவரி 29-ஐப் போன்ற சிக்கல்களை அதை எழுதியவர்கள் முன்பே யோசித்திருப்பார்கள். பொழுதுபோக்குக்கு விளையாட்டு எழுதலாம், படம் வரையும் நிரல் எழுதலாம். அம்மாவின் அறுவை சிகிச்சையைப் பொழுதுபோக்கு நிரலிடம் ஒப்படைத்திருக்க வேண்டாம்.

---

பழைய விசைப்பலகை | 25 ஜனவரி 2025

தம்பி, முதலில் ஒரு செய்தி. இந்தத் தவற்றைச் செய்தவர்களில் நீங்கள் சிறியவர். 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்டின் அஷூர் மேகச் சேவை உலகெங்கும் பல மணி நேரம் தடுமாறியது. கணினிகள் ஒன்றையொன்று நம்புவதற்காக அன்றைய தேதியில் உருவாக்கப்பட்ட மின்சான்றிதழ்களுக்கு ஓராண்டு ஆயுள் கொடுப்பதற்காக ஆண்டோடு ஒன்றைக் கூட்டினார்கள். 2013 பிப்ரவரி 29 என்று வந்தது. அப்படியொரு நாள் இல்லாததால் சான்றிதழ் உருவாகவே இல்லை. நீங்கள் செய்ததும் அதே கணக்குத்தான். ஆகவே, பெரியவர்கள் எழுதியதில் எல்லாம் யோசிக்கப்பட்டிருக்கும் என்று முரண்தொடை அவர்கள் சொல்வதை நான் அப்படியே ஏற்க மாட்டேன்.

எனக்கு அந்தத் தேதிப் பிழையைவிட வேறொன்றுதான் பெரிதாகப் படுகிறது. நிரல் விழும்போது பிழைச்செய்தி எழுதியிருக்குமே, மூன்று வாரமாக அது எங்கே போயிற்று? குறித்த நேரத்தில் நிரலைத் தானாக இயக்கும் கிரான் அட்டவணையில் எழுதிய வரியை இங்கே அப்படியே ஒட்ட முடியுமா?

---

அரைத்தூக்கம் | 25 ஜனவரி 2025

ஐயா, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. முதலாண்டில் எங்கோ பார்த்து நகலெடுத்த வரி அது. அதன் வாலில், வெளியீட்டையும் பிழைச்செய்தியையும் சேர்த்து ‘டெவ்நல்’ வெற்றிடத்துக்குத் தள்ளிவிடும் பகுதி இருக்கிறது. அது என்ன செய்கிறது என்று தெரியாமல், எல்லாரும் போடுகிறார்களே என்று போட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்ற நவம்பரில் மென்பொருள் சோதனைப் பாடத்தின் உள்தேர்வில் எல்லை மதிப்புகளுக்கு (நிரல் தடுமாறக்கூடிய விளிம்பு மதிப்புகளுக்கு) எடுத்துக்காட்டு கேட்டிருந்தார்கள். நான் எழுதியது பிப்ரவரி 29. முழு மதிப்பெண் கிடைத்தது. விடைத்தாளில் எழுதத் தெரிந்தது, என் மடிக்கணினிக்குள் இருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

முரண்தொடை அவர்களுக்கு: நாட்காட்டிச் செயலி செய்யும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கல்லூரிக்காக எழுதும் நிரல்கள் மதிப்பெண் விழுந்த மறுநாளே செத்துவிடுகின்றன. ஓராண்டாக உண்மையான மனிதர்களுக்காக ஓடிய நிரல் என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை | 26 ஜனவரி 2025

முதல் கேள்விக்கு வருகிறேன். உங்கள் நிரலில் இன்னொரு வழுவும் இருக்க வேண்டும். எல்லாத் தேதிகளையும் நடப்பு ஆண்டுக்கு இழுத்துவருகிறீர்கள் என்றால், டிசம்பர் 30 அன்று நிரல் ஓடும்போது ஜனவரி 2ஆம் தேதிப் பிறந்தநாள் கிட்டத்தட்டப் பன்னிரண்டு மாதத்துக்கு முன்பே கடந்துபோனதாகத் தெரியும். மூன்று நாள் முன்னறிவிப்பு வராது. உங்கள் குடும்பத்தில் ஜனவரி முதல் மூன்று நாட்களில் பிறந்தவர் எவரேனும் உண்டா?

இரண்டுக்கும் ஒரே மருந்து இருக்கிறது. பிறந்த தேதியை இந்த ஆண்டுக்கு இழுத்துவர வேண்டாம். இன்றைய தேதியையும், அதனுடன் மூன்று நாட்களைக் கூட்டிக் கிடைக்கும் தேதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் மாதமும் நாளும் இவற்றோடு பொருந்துகின்றனவா என்று மட்டும் பாருங்கள். இல்லாத நாள் எதையும் உருவாக்கத் தேவையே வராது. ஆண்டு மாறும் இடத்திலும் தடுக்காது. டிசம்பர் 30-உடன் மூன்று நாளைக் கூட்டினால் ஜனவரி 2 என்று பைத்தானே சரியாகச் சொல்லிவிடும்.

ஆனால் உங்கள் மருமகனுக்கு இது போதாது. லீப் அல்லாத ஆண்டுகளில் அவன் தேதி எதனோடும் பொருந்தாது. நிரல் விழாமலே அவனை மறந்துவிடும். முன்பு இருந்ததைவிட இது மோசம். எனவே அவனுக்கு எந்த நாள் என்று நீங்கள் முடிவெடுத்தாக வேண்டும். சட்டங்களே இதில் ஒன்றுபடுவதில்லை. லீப் அல்லாத ஆண்டில் வயது கணக்கிடும்போது ஹாங்காங் சட்டம் மார்ச் 1 என்று கொள்கிறது. தைவானில் பிப்ரவரி 28. கணினியால் தீர்க்கக்கூடியது அன்று இது, அக்காவிடம் கேளுங்கள்.

ஓர் இடைச்செருகல்: கிரெகோரியன் நாட்காட்டியில் 400 ஆண்டுகளுக்கு 1,46,097 நாட்கள், அவற்றில் பிப்ரவரி 29 வருவது 97 முறை. அந்த மொத்தம் ஏழால் மீதியின்றி வகுபடுவதால் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை கிழமைகளும் அப்படியே திரும்பி வருகின்றன. இதற்கும் உங்கள் நிரலுக்கும் தொடர்பில்லை. எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

---

அரைத்தூக்கம் | 26 ஜனவரி 2025

ஜனவரி 2 எங்கள் பெரிய மாமா. சென்ற ஆண்டு அவருக்கு மட்டும் அன்றைக்குத்தான் செய்தி வந்தது. அவருடைய வரியில் ஏதோ எழுத்துப்பிழை இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

---

பழைய விசைப்பலகை | 26 ஜனவரி 2025

கணக்குப்பிள்ளை சொன்னபடி மாற்றுங்கள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியவை சில உண்டு.

ஒரு வரி கெட்டால் அந்த வரி மட்டும் கெட வேண்டும். ஒவ்வொரு வரியையும் தனித்தனியே பிழைபிடித்துக் கையாளுங்கள். ஆனால் பிழையைப் பிடித்து விழுங்கிவிடாதீர்கள்; “பதினேழாம் வரியைப் படிக்க இயலவில்லை” என்று அன்றைய மின்னஞ்சலிலேயே எழுதுங்கள். விழுங்கும் நிரல், வெற்றிடத்துக்குத் தள்ளும் உங்கள் பழைய கிரான் வரியின் தம்பிதான்.

மடிக்கணினி மூடிக் கிடந்தால் கிரான் ஓடாது. தவறிய நேரத்தைத் திரும்பப் பிடிக்கவும் அதற்குத் தெரியாது. நீங்கள் தூங்கும் நேரத்தைப் பார்த்தால், காலை ஆறு மணிக்கு அந்தக் கணினி விழித்திருந்ததே அதிசயம். அனக்ரான் போன்ற ஒன்று, தவறிய வேலையைக் கணினி எழுந்ததும் செய்துவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. ஒன்றும் இல்லாத நாளிலும் நிரல் பேச வேண்டும். “இன்று ஒன்றுமில்லை” என்று ஒரே வரி போதும். அது வராத காலைதான் எச்சரிக்கை. நான் வேலை பார்த்த இடங்களில் இதை இதயத்துடிப்பு என்போம். நல்ல நாளிலும் செத்த நாளிலும் ஒரே மாதிரி மௌனமாக இருக்கும் நிரலிடமிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

---

ஓர் அம்மா | 26 ஜனவரி 2025

எனக்கு நிரலெழுதத் தெரியாது. என் மகளும் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் சொல்லித்தான் இந்த இழையைப் படித்தேன். இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நினைவூட்டுவதற்கு ஒரு பொருளை வைத்துக்கொள்வதில் தவறே இல்லை, தம்பி. எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. யாருக்கு எந்த மாத்திரை, யாருக்கு என்றைக்குப் பரிசோதனை, எல்லாம் அதில்தான். நாங்களும் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்: அம்மாவுக்கு எல்லாம் தானாக நினைவிருக்கும் என்று.

ஆனால் உங்கள் அம்மா சொன்ன பதிலைக் கவனியுங்கள். “உனக்குத் தேர்வு இருந்திருக்கும் என்று நினைத்தேன்.” அவர் நினைக்கவில்லை; உங்களுக்காக ஒரு காரணத்தைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார். அது தற்செயலாக உண்மையாகவும் இருந்துவிட்டது. நான் இதை என் மகளிடம் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். பிள்ளை பேசவில்லையென்றால் முதல் நாள் வேலை, இரண்டாம் நாள் உடல் அசதி, மூன்றாம் நாள் கைப்பேசியில் கோளாறு என்று நாங்களே எழுதிக்கொள்வோம். கேட்டுவிட மாட்டோம். பெரியவர் இங்கே நிரலைப் பற்றிச் சொன்னாரே, மௌனமாக இருந்தால் ஒன்றும் தெரியாது என்று. அதைப் படித்தபோது எனக்குச் சற்றுச் சிரிப்பு வந்தது.

எனக்குக் குறையாகப் படுவது வேறு. தேதி வந்ததும் அழைத்து, “வாழ்த்துகள் அம்மா, சாப்பிட்டீர்களா, சரி வைக்கிறேன்” என்று முடித்துவிடும் அழைப்பு. அது தேதிக்கு வந்த அழைப்பு என்று எங்களுக்குக் குரலிலேயே தெரிந்துவிடும். உங்கள் கோப்பில் இடம் இருந்தால், நாளுக்குப் பக்கத்தில், சென்ற முறை பேசும்போது அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு சொல் எழுதி வையுங்கள். அதைத் தொட்டுப் பேச்சைத் தொடங்கிப் பாருங்கள்.

---

முரண்தொடை | 26 ஜனவரி 2025

அம்மா சொல்வதை ஏற்கிறேன், என் முதல் பதிலின் கடுமையையும் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இதை இங்கே யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்: அரைத்தூக்கம், இந்த நிரல் இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியத்தில் இருக்கிறதா? உரைக்கோப்பும் சேர்ந்தா?

---

அரைத்தூக்கம் | 26 ஜனவரி 2025

இருந்தது. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் நிரல்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் அந்தக் கோப்பை நீக்கிவிட்டு, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் புறக்கணிப்புப் பட்டியலிலும் அதன் பெயரைச் சேர்த்துவிட்டேன். பயிற்சிப்பணிக்கு விண்ணப்பிக்கும்போது காட்டலாம் என்றுதான் பொதுவில் வைத்திருந்தேன்.

---

முரண்தொடை | 26 ஜனவரி 2025

அது போதாது. கிட் என்பதன் வேலையே பழையதை மறக்காமல் இருப்பதுதான். இன்றைய பதிவில் கோப்பு இல்லை. நேற்றைய பதிவைத் திறந்தால் முழுக் குடும்பமும் பெயர், பிறந்த தேதி, அறுவை சிகிச்சை நாள் சகிதம் அங்கே இருக்கும். புறக்கணிப்புப் பட்டியல் ஏற்கெனவே பதிவான கோப்பை ஒன்றும் செய்யாது. களஞ்சியத்தை உடனே தனிப்பட்டதாக மாற்றுங்கள். பிறகு, வரலாற்றிலிருந்தே ஒரு கோப்பை அழிக்கும் ஃபில்டர்ரெப்போ என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். அல்லது எளிதாக, நிரலை மட்டும் புதிய களஞ்சியத்தில் ஏற்றிவிட்டுப் பழையதை அழித்துவிடுங்கள். யாராவது ஏற்கெனவே நகலெடுத்திருந்தால் அது உங்கள் கையில் இல்லை. வீட்டில் எவரேனும் பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தால் இன்றே மாற்றச் சொல்லுங்கள்.

---

அரைத்தூக்கம் | 27 ஜனவரி 2025

பழையதை அழித்துவிட்டேன். நேற்றிரவு வீட்டுக்கு அழைத்து, எல்லாரையும் கடவுச்சொல் மாற்றச் சொல்லிக் காரணத்தையும் சொன்னேன். நிரலைப் பற்றிய உண்மை அப்படித்தான் வெளியே வந்தது. சித்தப்பா மட்டும், “அப்படியானால் என் திருமண நாளை நீ நினைவில் வைத்திருந்ததே இல்லையா?” என்று இரண்டு முறை கேட்டார். தாத்தாவுக்கு நேர்மாறாக ஆர்வம் பிறந்துவிட்டது. பட்டியலை அகரவரிசையில் அச்சிட்டு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அழைத்து, “உன் கணினிக்குத் தமிழ் தெரியாதா? ‘மன’ என்று தொடங்கும் பெயர்கள் ‘மல’ என்று தொடங்குபவற்றுக்கு முன்னால் வந்திருக்கின்றனவே” என்றார்.

---

கணக்குப்பிள்ளை | 27 ஜனவரி 2025

தாத்தா சொல்வது சரி. பைத்தானின் வரிசைப்படுத்தல் ஒவ்வோர் எழுத்துக்கும் கணினியில் கொடுக்கப்பட்டுள்ள ஒருங்குறி (யூனிகோட்) எண்களை மட்டுமே பார்க்கிறது. அதில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. நம் நெடுங்கணக்கில் அவை மெய்களின் கடைசியில் வருபவை. புள்ளியும் தொல்லை தரும்: அதன் எண் உயிர்க்குறிகளின் எண்களைவிடப் பெரியது என்பதால் ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னால் போய்விழும். எழுத்துகளைச் சரியான வரிசையில் ஒரு பட்டியலாக எழுதி, அதில் எந்த இடம் என்பதை வைத்து ஒப்பிடுங்கள். பெயரை முதலில் முழு எழுத்துகளாகப் பிரித்துக்கொள்ள மறக்க வேண்டாம். ‘மி’ கணினிக்கு இரண்டு குறியீடுகள், தாத்தாவுக்கு ஓர் எழுத்து.

---

அரைத்தூக்கம் | 1 மார்ச் 2025

இழையை முடித்துவைக்காமல் விட்டுவிட்டேன். இடையில் உள்தேர்வுகள் வந்துவிட்டன.

நிரலை இரண்டு இரவுகளில் திருத்தி எழுதினேன். தினமும் காலையில் “இன்று ஒன்றுமில்லை” வருகிறது. பிப்ரவரியில் ஒரு நாள் வரவில்லை, போய்ப் பார்த்தால் விடுதியில் இணையம் இல்லை. அம்மாவின் கட்டு பிரித்துக் கண் தெளிவாகத் தெரிகிறது. முதலில் பார்த்தது சுவரில் இருந்த ஒட்டடையை என்று குறைபட்டுக்கொண்டார். அதைக் கோப்பில் அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அடுத்த வாரம், ஒட்டடை அடித்தாயிற்றா என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கினேன். நாற்பது நிமிடம் பேசினோம். இப்போது எல்லா வரிகளிலும் அந்தக் கட்டம் இருக்கிறது. பல வரிகளில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

மருமகனின் நாளைப் பற்றிக் கேட்டதற்கு அக்கா மார்ச் 1 என்றாள்: பிறந்த நாள் வருவதற்கு முன்னால் எப்படிக் கொண்டாடுவது என்பது அவள் கட்சி. தாத்தா, பிப்ரவரியில் பிறந்தவனை மார்ச்சுக்குத் தள்ளக் கூடாது என்றார். ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்களே தவிர யாரும் இறங்கி வரவில்லை. கடைசியில் அவனுக்கு மட்டும் கோப்பில் இரண்டு வரிகள் எழுதினேன். நேற்று காலையும் இன்று காலையும் மின்னஞ்சல் வந்தது. நேற்று அழைத்தபோது தாத்தா எடுத்தார். இன்று அக்கா எடுத்து, குழந்தையின் காதில் கைப்பேசியை வைத்தாள். அவன் அதைக் கடித்துவிட்டான் போலிருக்கிறது, இணைப்பு அறுந்துவிட்டது.